பருந்து பாத்த ஊரு, கால் நடந்து வரைஞ்ச படம்

எங்க வீட்டுல ஹாலுக்கும் உள் ரூமுக்கும் நடுவுல ஒரு குறுகலான பாசேஜ் இருக்கு, அந்தச் சுவத்துல தான் 1500ஆம் வருஷத்து வெனிஸ் நகரம் மாட்டியிருக்கு. வானத்துல ஒரு பருந்து பறந்துகிட்டே சாஞ்சு பாத்தா ஊரு எப்படித் தெரியுமோ அப்படி வரைஞ்ச மேப். வீட்டுக்கு வர்றவங்க அந்தப் பக்கம் போனா சட்டுன்னு திரும்பி வர மாட்டாங்க, மூக்கு கண்ணாடியில உரசுற அளவுக்கு குனிஞ்சு பாத்துகிட்டே நிப்பாங்க. போன மாசம் வந்துட்டுப் போன ரெண்டு பேர் இந்த மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வேணும், எதை வாங்கறது, எங்க மாட்டறதுன்னு கேட்டாங்க. போன்ல சொல்ல ஆரம்பிச்சா முடியவே இல்ல, அதான் இங்க எழுதறேன்.

முதல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்தை சொல்லிடறேன். இந்த மேப்பை எல்லாம் வரைஞ்சவங்க யாரும் பறக்கல. மனுஷன் பலூன்ல ஏறி சுதந்திரமா பறந்ததே 1783ல தான், பாரிஸ்ல. வெனிஸ் படம் அதுக்கு 283 வருஷம் முன்னாடி அச்சாகியிருக்கு. ஜாகோபோ டி பார்பாரி வரைஞ்சாரு, ஜெர்மனியில நியூரம்பர்க் ஊரைச் சேர்ந்த ஆன்டன் கோல்ப்னு ஒரு வியாபாரி காசு போட்டு வெளியிட்டாரு, மூணு வருஷம் ஆச்சுன்னு அந்த கோல்ப்பே வெனிஸ் அரசாங்கத்துக்குக் குடுத்த மனுவுல சொல்லியிருக்காரு. வெனிஸ்ல மணிக்கூண்டுக்குப் பஞ்சமே இல்ல, அதுங்க மேல ஏறி ஏறி பாத்து வரைஞ்ச துண்டுப் படங்களை, கீழ அளந்த கணக்கோட சேத்து வெச்சு தைச்சது தான் இந்தப் பெரிய படம்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. ஆறு மரப்பலகை செதுக்கி, ஆறு தாள்ல அச்சடிச்சு ஒட்டினா கிட்டத்தட்ட 2.8 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம் வரும். அந்த ஆறு பலகையும் இன்னைக்கும் வெனிஸ்ல கொர்ரேர் மியூசியத்துல பத்திரமா இருக்கு, அதை நினைச்சாலே எனக்கு புல்லரிக்கும்.

ஸ்கூல்ல இலக்கண வகுப்புல பருந்தின் வீழ்வுன்னு ஒண்ணு படிச்சிருப்போம். அவ்ளோ உயரத்துல வட்டம் போடற பருந்து ஒரே ஒரு இரையைக் குறி வெச்சு நேரா இறங்கும் இல்லையா, அது. இந்த மேப்பைப் பாக்கறப்ப நம்ம கண்ணு செய்யறதும் அதே வேலை தான். தூரத்துல இருந்து ஒரு ஊரு முழுசா தெரியும், கிட்டப் போனா ஒரு வீட்டு மாடி ஜன்னல்ல போய் இறங்கிடலாம். சாதா மேப்புல கிட்டப் போனா கோடு தான் இருக்கும், சாதா ஓவியத்துல தூரமாப் போனா தெருக்கணக்கு இருக்காது. இது ரெண்டும் சேந்து இருக்கற ஒரே சாமான். அதனால என்னைக் கேட்டா இதை வாங்கறதுல, பிரிண்ட் போடறதுல, மாட்டறதுல எல்லா முடிவையும் ஒரே ஒரு கேள்வி வெச்சு எடுக்கலாம்: என் கண்ணு அங்க போய் இறங்க முடியுமா?

இது எனக்குப் பட்டு தான் புரிஞ்சுது. முதல் தடவை இதே வெனிஸ் படத்தை ரெண்டடி அகலத்துக்கு பிரிண்ட் போட்டு சோஃபாவுக்கு மேல மாட்டினேன். 280 சென்டிமீட்டர் படத்தை 60 சென்டிமீட்டருக்கு சுருக்கினா என்ன ஆகும், ஒரிஜினல்ல 3 மில்லிமீட்டர் இருக்கற ஜன்னல் அரை மில்லிமீட்டர் ஆயிடும், ஆயிரக்கணக்கான ஜன்னலும் சேந்து ஒரே சாம்பல் கலர் திட்டா போச்சு. அதுலயும் சோஃபா நடுவுல இருக்கறதால யாரும் கிட்டப் போயும் பாக்க முடியாது. ஆறு மாசம் அங்க தொங்குச்சு, ஒருத்தர் கூட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அப்புறம் பாதிப் படத்தை மட்டும் எடுத்து, நடுப்பகுதி, அதாவது சான் மார்கோ சதுக்கமும் பெரிய கால்வாயும் வர்ற பகுதியை மட்டும் நாலடிக்கும் மேல அகலமா, கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவுக்கே போட்டு பாசேஜ்ல மாட்டினேன். அதே படம் தான், ஆனா இப்ப தான் அது பேச ஆரம்பிச்சுது. ரியால்டோ பாலம் அதுல கல் பாலமா இருக்காது, மரப்பாலம், நடுவுல கப்பலோட பாய்மரம் போறதுக்குத் தூக்கற மாதிரி இருக்கும். இப்ப எல்லாரும் போட்டோ எடுத்துக்கற கல் பாலம் 1591ல தான் முடிஞ்சுது. மேல வியாபாரத்துக்கான கடவுள் மெர்க்குரி மேகத்துல உக்காந்திருப்பாரு, கீழ தண்ணியில கடல் கடவுள் நெப்டியூன், கடல் வியாபாரத்துல பெரிசான ஊரு இதுன்னு அவங்க அதுல சொல்லிக்கறாங்க.

பாரிஸ் பிடிச்சவங்களுக்கு டர்கோ மேப்னு ஒண்ணு இருக்கு, பொறுமைக்கு ஒரு படம் காட்டுன்னா நான் இதைத் தான் காட்டுவேன். மிஷேல் எத்தியென் டர்கோ அப்போ பாரிஸ் நகர நிர்வாகத்துக்குத் தலைவர், அவரு 1734ல லூயி ப்ரெத்தேன்னு பெர்ஸ்பெக்டிவ், அதாவது கிட்ட இருக்கறது தூரத்துல இருக்கறது தெரியற மாதிரி வரையற முறை, சொல்லித்தர்ற ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டு இந்த வேலையைக் குடுத்தாரு. அந்த மனுஷன் எந்த மாளிகை, எந்தத் தோட்டத்துக்குள்ள வேணும்னாலும் போய் அளந்து வரையலாம்னு அனுமதிக் கடிதம் வாங்கி வெச்சுகிட்டு தெருத்தெருவா, வீடுவீடா நடந்திருக்காரு. 1739ல 20 தாளா வெளியாச்சு. அளவு 1க்கு 400, அதாவது தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 4 மீட்டர். எட்டு மீட்டர் அகல வீடு தாள்ல ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும், கதவு ஜன்னல் எல்லாம் தாராளமா வரையலாம். இன்னொரு விசேஷம், இதுல தூரத்துல இருக்கறது சின்னதாகாது. முன்னாடி வீடும் கடைசி வீடும் ஒரே அளவு தான், எந்த மூலையில இருக்கற வீட்டுக்கும் ஒரே மரியாதை. மொத்தம் 20 தாளையும் சேத்து ஒட்டினா கிட்டத்தட்ட 2.5 மீட்டருக்கு 3.2 மீட்டர், ஒரு சுவரே வேணும். இதை மூணடி போஸ்டரா சுருக்கி நிறைய இடத்துல விக்கறாங்க, தயவு செஞ்சு வாங்காதீங்க. ரெண்டு சென்டிமீட்டர் வீடு அரை சென்டிமீட்டர் ஆயிடும். அதுக்குப் பதிலா ஒரே ஒரு தாளை மட்டும் முழு அளவுல போடுங்க, அதுவே சுமாரா 80 சென்டிமீட்டர் அகலம் வரும். நோத்ர தாம் பக்கத்துல வர்ற தாள்ல பாலத்து மேலயே ரெண்டு பக்கமும் வரிசையா வீடு கட்டி குடியிருந்தது தெரியும். அந்த வீடுங்கள்ல பெரும்பாலானதை 1780கள்ல இடிச்சுட்டாங்க, பிரெஞ்சுப் புரட்சிக்குக் கொஞ்சம் முன்னாடி. கிழக்குப் பக்கம் பஸ்தீல் சிறைக்கோட்டை வேற முழுசா நிக்கும். இடிஞ்சு போன ஒண்ணு, நின்ன இடத்துலயே நிக்கறதைப் பாக்கறப்ப ஒரு மாதிரி ஆயிடும் எனக்கு. இந்த மேப்பைச் செதுக்கி அச்சடிச்ச செப்புத் தகடுங்க லூவ்ர் மியூசியத்தோட அச்சுப் பிரிவுகிட்ட இருக்கு, இன்னமும் அதுல இருந்து தாள் அடிச்சு விக்கறாங்க, பழைய தகடு, புதுத் தாள். காசு இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அமெரிக்க மேப்புங்க வேற ரகம். அங்க உள்நாட்டுப் போர் 1865ல முடிஞ்சப்புறம் சின்னச் சின்ன ஊரெல்லாம் ரயில் வந்து, ஃபேக்டரி வந்து வளர ஆரம்பிச்சுது, அப்போ ஆல்பர்ட் ரூகர், ஓக்லி பெய்லி, தாடியஸ் மார்ட்டிமர் ஃபௌலர்னு கொஞ்ச பேர் ஊர் ஊராப் போய் இதையே தொழிலா பண்ணாங்க. முதல்ல அந்த ஊரோட தெரு பிளானை எடுத்து சாஞ்ச கோணத்துல கட்டம் போட்டுக்குவாங்க, அப்புறம் ஸ்கெட்ச் புக்கைத் தூக்கிட்டு ஒவ்வொரு தெருவா நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் எத்தனை மாடி, எத்தனை ஜன்னல், கூரை எந்தப் பக்கம் சரிவுன்னு பாத்து வரைஞ்சு, கட்டத்துல அதது இடத்துல உக்கார வெப்பாங்க. பாக்கறவங்களுக்கு 2,000, 3,000 அடி உயரத்துல இருந்து பாத்த மாதிரி இருக்கும். முன்கூட்டியே ஊர்க்காரங்ககிட்ட காசு வாங்கி பேர் எழுதிக்குவாங்க, ஆள் சேந்தா தான் அச்சடிப்பாங்க, கல்லு மேல வரைஞ்சு அதுல இருந்து அச்செடுக்கற லித்தோ முறையில அடிக்கறதால நிறைய காப்பி கம்மி செலவுல வரும். ஃபௌலர் பேர்ல மட்டும் 400க்கு மேல ஊர்ப்படம் இன்னைக்கு கிடைச்சிருக்கு, அதுல பென்சில்வேனியா ஊருங்க தான் அதிகம். போர்ல காலில குண்டடி பட்ட ஆளு அவரு. அந்தக் காலோட இத்தனை ஊர்த் தெருவையும் நடந்திருக்காரு, 79 வயசு வரைக்கும். ஒரு சின்ன ஊரோட படத்தைப் பாக்கறப்ப இதை நினைச்சுக்கோங்க, அந்த மூலையில இருக்கற கொட்டகைக்கு முன்னாடி கூட அவரு ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்காரு.

இதுல பொய்யும் இருக்கு, அதையும் ரசிக்கத் தெரியணும். ஃபேக்டரி புகைக்கூண்டு எல்லாத்துலயும் புகை கம்பீரமாப் போகும், ஏன்னா அந்தக் காலத்துல புகைன்னா வேலை நடக்குது, ஊரு நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆத்துல அத்தனை கப்பல் ஒரே நேரத்துல வந்திருக்காது. தெருவை நிஜத்தை விட அகலமாக் காட்டுவாங்க, இல்லன்னா முன்வரிசை வீடு பின்வரிசையை மறைச்சிடும். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கூட கட்டின மாதிரி வரைஞ்சது உண்டு. ஓரத்துல காசு குடுத்தவங்களோட வீடும் கடையும் தனித்தனி கட்டத்துல பெரிசா வரும். ஒரு ஊரு தன்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிச்சோ அது தான் அந்தத் தாள்ல இருக்கு. சிகாகோவை ரூகர் 1868ல வரைஞ்சாரு, மூணே வருஷத்துல, 1871ல பெரிய தீ வந்து நகரத்தோட நடுப்பகுதி எரிஞ்சு போச்சு. அந்தப் படத்துல புகைக்கூண்டு எல்லாம் சந்தோஷமா புகைஞ்சுகிட்டு இருக்கு.

இந்தியா சம்பந்தப்பட்டது வேணும்னா, ஜெர்மனியில கொலோன் நகரத்துல ஜார்ஜ் ப்ரௌனும் ஃப்ரான்ஸ் ஹோகன்பெர்க்கும் சேந்து 1572ல தொடங்கி 1617 வரைக்கும் ஆறு தொகுதியா ஒரு நகர அட்லஸ் போட்டாங்க, 500க்கு மேல நகரப் படங்க. அதோட முதல் தொகுதியிலயே கள்ளிக்கோட்டை இருக்கு, கரையில கப்பல் கட்டற வேலை, யானை எல்லாம் போட்டு. கோவா, கண்ணூர் கூட உண்டு. இந்த அட்லஸ் படங்கள்ல முன்னாடி அந்தந்த ஊர் உடுப்போட மனுஷங்க நிப்பாங்க. மனுஷ உருவம் இருந்தா துருக்கிப் படைக்காரங்க மத வழக்கத்தால இதை உளவுக்குப் பயன்படுத்த மாட்டாங்கன்னு ப்ரௌன் முன்னுரையிலயே காரணம் சொல்லியிருக்காரு. ஜப்பான் பக்கம் யோஷிதா ஹட்ஸுசபுரோன்னு ஒருத்தர், 20ஆம் நூற்றாண்டு ஆளு, ரயில்வேக்கும் சுற்றுலாவுக்கும் நீள நீளமா மடிக்கற மேப் வரைஞ்சவரு. அவரு படத்துல கண்ணுக்கெட்டாத தூரத்துல இருக்கற ஃபுஜி மலையும் ஓரத்துல எட்டிப் பாக்கும், பூமியையே வளைச்சு வெச்சிடுவாரு. நீளமான புத்தக ஷெல்ஃபுக்கு மேல மாட்ட அந்த வடிவம் அருமையா பொருந்தும், நிறமும் பளிச்சுன்னு இருக்கும்.

சரி, ஒரிஜினலா பிரிண்ட்டா. முதல்ல பிரிண்ட் எடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்துல இந்த ஊர்ப்படங்க ஆயிரத்துக்கு மேல இருக்கு, பெரிய ஸ்கேனா இலவசமா இறக்கிக்கலாம். டேவிட் ரம்சி மேப் கலெக்‌ஷன், பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிகா, அங்கயும் தேடுங்க. ஃபைல் இறக்கினதும் அகலம் எத்தனை பிக்சல்னு பாத்து 300ஆல வகுத்தா எத்தனை இன்ச் வரைக்கும் கூர்மையா வரும்னு கிடைச்சிடும். 12,000 பிக்சல்னா 40 இன்ச். மெல்லிசு கோட்டு வேலைங்கறதால இதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது, போஸ்டர் தானேன்னு இன்ச்சுக்கு 300 பிக்சலை 100க்கு இறக்கினா கோடு எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். தாள் மேட் ஃபினிஷ், பருத்தித் தாள் கிடைச்சா ரொம்ப நல்லது, இங்க் பிக்மென்ட் இங்க்கான்னு கேட்டுக்கோங்க. கேன்வாஸ்ல போடவே போடாதீங்க, துணியோட நெசவு கோட்டை எல்லாம் தின்னுடும். அப்புறம் பழசா காட்டறதுக்காக பழுப்புக் கறை, கிழிசல் எல்லாம் கம்ப்யூட்டர்ல சேத்து விக்கறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒத்துக்கவே இல்ல. வரைஞ்சவரு வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு பளிச்சுன்னு தெரியணும்னு தான் செதுக்கினாரு.

ஒரிஜினல் வாங்கறதா இருந்தா ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிட்டு அப்புறம் வாங்குங்க. நவீன ஆஃப்செட் அச்சுன்னா வட்டப் புள்ளி வரிசையா தெரியும், வாங்காம உடனே திருப்பி வெச்சிடுங்க. செப்புத் தகட்டுல அடிச்சதுன்னா படத்தைச் சுத்தி தகடு அழுத்தின விளிம்பு லேசா பள்ளமா தடவினாலே தெரியும். அட்லஸ்ல இருந்து வந்த தாள்னா நடுவுல மடிப்பு இருக்கும், ப்ரௌன் ஹோகன்பெர்க் தாள்னா பின்பக்கம் அந்த ஊரைப் பத்தி அச்சடிச்ச எழுத்து இருக்கும், லத்தீன்லயோ ஜெர்மன்லயோ பிரெஞ்சுலயோ. கையால கலர் அடிச்ச பழைய தாள்ல பச்சை அடிச்ச இடம் பின்பக்கம் பழுப்பா ஊறியிருந்தா அது பழைய செம்புப் பச்சை, தாளை மெல்ல அரிச்சுகிட்டே இருக்கும், அதுக்கு விலையைக் குறைச்சுக் கேக்கலாம். ஒரு முழு அட்லஸைப் பிரிச்சு தாள் தாளா விக்கறவங்ககிட்ட வாங்க வேணாம்னு ஒரு கொள்கை வெச்சிருக்கேன். நூத்தாண்டுகளுக்கு முன்னாடியே பிரிஞ்சு போனது வேற, இன்னைக்கு என் சுவத்துக்காக ஒரு புத்தகம் பிரியக்கூடாது.

ஃப்ரேம் விஷயத்துல தான் எனக்கு மனசு ஆறாத ஒரு நஷ்டம் இருக்கு. என்கிட்ட ஒரே ஒரு ஒரிஜினல் இருந்துச்சு, 19ஆம் நூற்றாண்டு வாரப் பத்திரிகை ஒண்ணுல இணைப்பா வந்த துறைமுக நகரப் படம், மரத்துல செதுக்கி அடிச்சது. ஃப்ரேம் போடக் குடுத்தேன், சுருக்கம் இல்லாம நிக்கணும்னு அவங்க பின்னாடி முழுசா பசை அடிச்சு போர்டுல ஒட்டிட்டாங்க, எனக்கு சொல்லவும் இல்ல. ரெண்டு வருஷத்துல அங்கங்க குமிழ் வந்துச்சு, அப்புறம் பசை பரவி பழுப்பு வந்துச்சு. பழைய தாள்களைச் சரி பண்றவர்கிட்ட கொண்டு போனேன், பிரிச்சா தாளும் சேந்து வரும்னு சொல்லிட்டாரு. அதனால கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஃப்ரேம் கடையில குடுக்கறப்ப வாயைத் திறந்து சொல்லுங்க: பசை கூடாது, லேமினேஷன் கூடாது, மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு சின்ன ஜப்பானியத் தாள் கீல், அதுவும் மாவுப் பசையில, தண்ணி வெச்சா விட்டுடற மாதிரி. படத்தைச் சுத்தி வெக்கற மவுண்ட் போர்டும் பின் அட்டையும் ஆசிட் ஃப்ரீ. கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவுல மவுண்ட் இடைவெளி இருக்கணும், இல்லன்னா ஈரம் கோத்து தாள் கண்ணாடியிலயே ஒட்டிக்கும். ராமபாணப் பூச்சிக்கு பழைய தாள்னா உயிர், பின்பக்கம் இடுக்கு இல்லாம டேப் போட்டு மூடச் சொல்லுங்க. யூவி கண்ணாடி போட்டாலும் வெயில் நேரா விழற சுவரு வேணாம், யூவி மட்டும் இல்ல, சாதா வெளிச்சமே கலரை வெளுக்க வெக்கும். பாத்ரூம் சுவரு, சமையலறை சுவரு, வெளிப்பக்கம் மழை அடிச்சு ஊறுற சுவரு, இது மூணும் கிடையவே கிடையாது.

அப்ப எங்க தான் மாட்டறதுன்னா, நடந்து போறப்ப உடம்பு படத்துக்கு ஒரு அடி பக்கத்துல வர்ற இடம். பாசேஜ், மாடிப்படி திரும்பற இடம், எழுதற மேஜைக்கு நேர் மேல. பொதுவா படத்தோட நடு 145 சென்டிமீட்டர்ல இருக்கணும்னு சொல்வாங்க, இதுக்கு நான் இன்னும் ஒரு சாண் இறக்கி தான் மாட்டுவேன், ஏன்னா முன்னாடி இருக்கற வீடுங்க, மனுஷங்க எல்லாம் படத்தோட கீழ்ப்பாதியில தான் இருக்கும், வீட்டுக் குழந்தைங்களுக்கும் எட்டணும். வெளிச்சம் மேல இருந்து மெல்லிசா ஒரு வாம் லைட் போதும். பக்கத்துல வேற படம் வேணாம், இது ஒண்ணே கூட்டமான படம்.

பூதக்கண்ணாடியை ஒரு கயித்துல கட்டி ஃப்ரேம் பக்கத்துலயே ஆணி அடிச்சு தொங்க விட்டிருக்கேன். அப்பாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல இருந்தப்ப தினமும் சாயங்காலம் ஸ்டூல் போட்டு உக்காந்து, இன்னைக்கு இந்தத் தெரு, நாளைக்கு அந்தத் தெருன்னு பாத்துகிட்டு வந்தாரு. ஒரு நாள் உள்ள இருந்து கூப்பிட்டாரு, "ஏம்மா, சதுக்கத்துல இருக்கற பெரிய மணிக்கூண்டு மட்டும் ஏன் மொட்டையா இருக்கு, மத்த கோபுரத்துக்கெல்லாம் தலை கூராத் தானே இருக்கு?" நான் அந்தப் படத்தை மூணு வருஷமா தினம் கடந்து போறேன், எனக்குக் கண்ணுல படவே இல்ல. தேடிப் பாத்தா, 1489ல இடி விழுந்து அந்த மணிக்கூண்டோட உச்சி எரிஞ்சிருக்கு, காசு புரட்டி புது உச்சி கட்டற வரைக்கும் தற்காலிகமா ஒரு தட்டைக் கூரை போட்டு வெச்சிருந்திருக்காங்க, பார்பாரி அதை இருக்கற மாதிரியே வரைஞ்சிருக்காரு. உச்சி 1513 வாக்குல கட்டி முடிஞ்சப்புறம், பலகையில அந்தக் கோபுரத்தை மட்டும் திருத்தி மறுபடி அச்சடிச்சிருக்காங்க. அப்பாகிட்ட சொன்னேன். தலையை ஆட்டிட்டு, லென்ஸை எடுத்துகிட்டு, அப்ப மத்த கோபுரத்தையும் ஒண்ணொண்ணா பாத்துடலாம்னு மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டுகிட்டாரு.